இன்டேக் காற்று வெப்ப சென்சார்: காலையில் நான்கு டிகிரி பிழை, மதியத்தில் பன்னிரண்டு

மலைப்பாதை, சேலம். 28 ஏப்ரல் 2024, காலை 7.10

என்னுடையது 2014-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். கோடை தொடங்கியதிலிருந்து ஏற்காட்டுப் பாதையில் மூன்றாம் கியரில் ஏறும்போது இன்ஜின் கடகடவென்று தட்டுகிறது, மைலேஜும் இறங்கியிருக்கிறது. விடியற்காலையில் ஏறினால் சத்தம் இல்லை. செக் இன்ஜின் விளக்கு எரியவே இல்லை. பட்டறையில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள், ஏர் ஃபில்டரை மாற்றினார்கள், இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள், பலன் இல்லை. இப்போது இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்கும் இன்டேக் காற்று வெப்ப சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். வண்டியின் கணினியைப் படிக்கும் புளூடூத் ஸ்கேனரை மாட்டி, இரவு முழுக்க நின்ற வண்டியில் இன்று காலை பார்த்தேன்: இன்டேக் காற்று 24 டிகிரி, கூலன்ட் 28, செல்பேசி காட்டிய வெளி வெப்பம் 27. மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் எந்தச் சென்சாருக்கும் உண்டு. ஆகவே சென்சார் நன்றாக இருக்கிறது, பட்டறைக்காரர் இருட்டில் அம்பு விடுகிறார் என்பதே என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

கருவி, கோவை. 28 ஏப்ரல் 2024, இரவு 9.40

உங்கள் கட்சியையும் ஏற்க முடியவில்லை, பட்டறைக்காரர் கட்சியையும் ஏற்க முடியவில்லை. நூற்பாலையில் கருவிப் பராமரிப்பில் காலம் தள்ளியவன் நான். எந்த அளவுகருவியையும் ஒரே ஒரு புள்ளியில் ஒப்பிட்டுவிட்டு அது சரியாக இருக்கிறது என்று அங்கே கையெழுத்துப் போட விட மாட்டார்கள். நீங்கள் பார்த்திருப்பது ஒரே புள்ளி. அதிலும் நான்கு டிகிரி உதைக்கிறது.

இந்தச் சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். இன்ஜினை ஆளும் கணினியான இசியு 5 வோல்ட்டைத் தனக்குள் இருக்கும் நிலையான ஒரு மின்தடை வழியாக வெளியே அனுப்பி, சென்சாரின் மேல் விழும் வோல்ட்டேஜை அளந்து, தன் நினைவில் உள்ள அட்டவணையைப் பார்த்து அதை டிகிரியாக மாற்றிக்கொள்கிறது. அதற்குத் தெரிவதெல்லாம் மின்தடை ஒன்றுதான், அதுவும் தெர்மிஸ்டரின் மின்தடை மட்டுமன்றி வழியிலுள்ள கப்ளர் (வயரைச் சென்சாரோடு இணைக்கும் செருகி), வயர், எர்த் ஆகியவற்றின் மின்தடையும் சேர்ந்த மொத்தம். ஸ்கேனரில் தெரியும் எண்ணை வைத்துச் சென்சாரை மட்டும் புகழ்வதோ ஏசுவதோ நியாயம் இல்லை என்பதற்கு இதுவே காரணம்.

மூன்று விவரங்கள் வேண்டும். சென்சார் எங்கே இருக்கிறது, அதில் எத்தனை வயர்கள்? வண்டியை ஓட்டிச் சூடாக்கி நிறுத்திய பிறகு ஸ்கேனர் என்ன காட்டுகிறது? அதே இடத்தில் வேறொரு வெப்பமானி என்ன காட்டுகிறது?

சென்சாரோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியருக்கு இறங்குங்கள்.

கருவி. 29 ஏப்ரல் 2024, காலை 6.30

இடையில் ஒரு வாசகர் தன் ஸ்கேனர் மைனஸ் 40 காட்டுவதாகவும், பி0113 என்ற பழுதுக் குறியீடு வருவதாகவும் எழுதிக் கேட்டிருக்கிறார். இது இந்த இழையின் கேள்வியைவிட மிகச் சுலபமானது. வண்டியின் சுயபரிசோதனை முறையான ஓபிடி வழக்கத்தில் இன்டேக் வெப்பம் ஒரே ஒரு பைட்டாக வருகிறது. வந்த எண்ணிலிருந்து 40-ஐக் கழித்தால் டிகிரி கிடைக்கும். பூஜ்யம் வந்தால் மைனஸ் 40, அதற்குக் கீழே காட்டவே இடமில்லை. சுற்று அறுந்திருந்தால் மின்தடை எல்லையற்றதாகத் தெரியும், 5 வோல்ட் அப்படியே நிற்கும், இசியு அதை உலகிலேயே மிகக் குளிர்ந்த காற்று என்று படித்துக்கொள்ளும். செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் மைனஸ் 40-இல் ஒன்றாகிவிடுவதால், செயலியில் அலகைத் தவறாக வைத்திருந்தாலும் இந்த ஒரு பழுது மட்டும் மாறாமல் தெரியும். தமிழ்நாட்டில் மைனஸ் 40 தெரிந்தால் ஸ்வெட்டர் தேட வேண்டியதில்லை, கப்ளரைப் பார்த்தால் போதும்.

பார்க்கும் முறை இது. சாவியை ஆன் நிலையில் வைத்து, சென்சார் கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்தில் இருக்கும் இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயர்த் துண்டால் இணையுங்கள். ஸ்கேனர் எண் மறு கோடிக்கு, அதாவது 100-ஐத் தாண்டி எங்கோ, தாவினால் வயரும் இசியுவும் பிழைத்தன. குற்றம் சென்சாரில் அல்லது கப்ளரின் பிடியில். தாவாமல் மைனஸ் 40-இலேயே நின்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. பி0112 வந்து 140 போன்ற எண் தெரிந்தால் தலைகீழாகச் செய்யுங்கள்: கப்ளரைக் கழற்றியதும் மைனஸ் 40-க்கு விழ வேண்டும். விழவில்லையென்றால் வயர் எர்த்தில் உரசிக்கொண்டிருக்கிறது.

இது இரண்டு வயர் சென்சாருக்கு மட்டுமே. அழுத்தமும் வெப்பமும் சேர்ந்த நான்கு வயர் டி-மேப் சென்சாரிலும், காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சாருக்குள்ளேயே வெப்ப சென்சார் அடங்கிய ஐந்து வயர் அமைப்பிலும், எந்த முனை எது என்று வயரிங் படத்தைப் பார்க்காமல் வயர்த் துண்டைச் செருகினால் 5 வோல்ட் சப்ளையையே எர்த் செய்துவிடுவீர்கள்.

மலைப்பாதை. 30 ஏப்ரல் 2024, இரவு 8.05

சென்சார் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து புறப்படும் குழாயில் இருக்கிறது, இரண்டு வயர். மாஃப் கிடையாது, மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாயில்) அழுத்தம் அளக்கும் மேப் சென்சார் உண்டு. மதியம் ஊரைச் சுற்றிவிட்டு வந்து இன்ஜினை ஐடிலிங்கில் விட்டுப் பார்த்தபோது இன்டேக் காற்று 48, கூலன்ட் 93. வெப்பமானி கையில் இல்லை. நண்பர் ஒருவர் தொடாமலே வெப்பம் அளக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கி ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார்.

கருவி. 30 ஏப்ரல் 2024, இரவு 10.20

துப்பாக்கி வேண்டாம். அது குழாயின் வெளித்தோலைத்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் காற்றைப் பார்க்காது. பளபளப்பான உலோகத்தின் மேல் காட்டினால் அந்த எண்ணும் கதையாகிவிடும். சில மல்டிமீட்டர்களோடு மெல்லிய வயரின் நுனியில் மணி போன்ற முனை உள்ள தெர்மோகப்பிள் என்ற வெப்பமானி ஒன்று வரும். உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். அந்த மணியைச் சென்சார் மூக்குக்கு அருகே, குழாய்ச் சுவரில் படாமல், காற்றில் நிற்கும்படி விட்டு, பெட்டியை மூடி, இரண்டு எண்களும் நகராமல் நிற்கும்வரை பொறுத்திருந்து படியுங்கள்.

சென்சாரைக் கழற்றியெடுத்து நிழலில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு அதன் இரண்டு கால்களுக்கிடையே ஓம் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டாம். உங்கள் உடம்பின் சூடும் சேர்ந்துகொள்ளும்.

மலைப்பாதை. 2 மே 2024, மாலை 6.45

ஐயா, அளந்துவிட்டேன். மதியம் தெர்மோகப்பிள் 60, ஸ்கேனர் 48. அறையில் 30 டிகிரியில் சென்சார் 1.7 கிலோ ஓம். நான்கு டிகிரி எப்படிப் பன்னிரண்டு ஆனது?

கருவி. 2 மே 2024, இரவு 11.15

உங்கள் எண்களைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இப்போதுதான் வந்திருக்கிறது.

30 டிகிரியில் 1.7 கிலோ ஓம் என்பது பாஷ் நிறுவனத்தின் பரவலான தெர்மிஸ்டர் வரிசையோடு ஒத்துப்போகிறது. அந்த வரிசையில் 0 டிகிரியில் ஏறத்தாழ 5.9 கிலோ ஓம், 20-இல் 2.5 கிலோ ஓம், 40-இல் 1,175 ஓம், 60-இல் 596 ஓம், 80-இல் 323 ஓம். உங்கள் சென்சார் 30-இல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. அப்படியானால் பொய் வேறெங்கோ சேர்கிறது.

கப்ளரில் எங்கோ 300 ஓம் கூடுதல் மின்தடை உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். விடியற்காலை 28 டிகிரியில் சென்சார் ஏறத்தாழ 1,840 ஓம். அதோடு 300 சேர்ந்தால் 2,140. அட்டவணையில் அது 24 டிகிரி. மதியம் 60 டிகிரியில் சென்சார் 596 ஓம். 300 சேர்ந்தால் 896. அட்டவணையில் அது 48 டிகிரி. நீங்கள் அனுப்பிய இரண்டு வித்தியாசங்களும் ஒரே 300 ஓமில் வந்து உட்காருகின்றன. இதே கணக்கை 80 டிகிரிக்குப் போட்டால் இசியுவுக்கு 59 தான் தெரியும். பிழை 21 டிகிரி.

காரணம் தெளிவானது. கூடுதல் மின்தடை மாறாமல் நிற்கிறது, சென்சாரின் மின்தடையோ சூட்டில் சுருங்கிவிடுகிறது. ஆகவே சூடு ஏற ஏற வந்தேறியின் பங்கு பெருத்துக்கொண்டே போகிறது. வண்டியை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் இன்டேக் வெப்பத்தையும் கூலன்ட் வெப்பத்தையும் ஒப்பிடச் சொல்லும் பரிசோதனை எல்லாரும் அறிந்தது, நல்லதும்கூட. ஆனால் தொடர் மின்தடை என்ற பழுது மிகச் சிறியதாகத் தெரியும் நேரத்தையே அது தேர்ந்தெடுக்கிறது. குளிர்ந்த நிலையில் தேர்ச்சி பெற்றவனைச் சூட்டிலும் ஒருமுறை உட்கார வைத்துத் தேர்வு எழுதச் சொல்ல வேண்டும் என்பதே இந்த இழையில் நான் வாதாட விரும்பும் ஒரே விஷயம்.

இனி மைலேஜும் தட்டலும். உங்கள் வண்டியில் மாஃப் இல்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்தே உள்ளே போகும் காற்றின் எடையை இசியு கணக்கிடுகிறது. கெல்வினில், அதாவது டிகிரியோடு 273 கூட்டினால், 333 இருக்கும் காற்றை 321 என்று நம்பினால் எடை ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகத் தெரியும், அதற்கேற்பப் பெட்ரோலும் கூடும். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துக் குறைத்துவிடும். ஸ்கேனரில் நீண்டகால ஃப்யூயல் டிரிம் (பெட்ரோல் அளவில் இசியு செய்யும் சதவீதத் திருத்தம்) மைனஸ் 4-ஐ ஒட்டி நின்றால் வியப்படைய வேண்டாம். இவ்வளவு சிறிய திருத்தத்துக்கு எந்த இசியுவும் விளக்கை எரிய விடாது. தட்டலுக்குக் காரணம் இன்னொரு கணக்கு: காற்று மிகச் சூடானால் இசியு ஸ்பார்க்கைச் சற்றே தாமதப்படுத்தும். அது சூடு என்று தெரிந்தால்தானே தாமதப்படுத்தும்?

கருவி. 3 மே 2024, காலை 5.50

இரவு எழுதியதை மறுபடி வாசித்தேன். 300 ஓம் "மாறாமல்" நிற்கிறது என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டாம். களிம்பேறிய இணைப்பின் மின்தடை அதிர்வுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப ஆடும். உங்கள் எண்கள் அச்சொட்டாகப் பொருந்தியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. திசை மட்டும் ஆடாது: தொடர் மின்தடை என்றால் காட்டும் வெப்பம் எப்போதும் உண்மையைவிடக் குறைவு, சூட்டில் மேலும் குறைவு.

கருவி. 3 மே 2024, மதியம் 1.30

ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து எழுதியிருக்கிறார்: கப்ளரைக் கழற்றி வயர் பக்கம் அளந்தால் 5 வோல்ட் வருகிறது, சென்சார் பக்கம் ஓம் சரியாக இருக்கிறது, அப்புறம் வயரில் என்ன கோளாறு என்று. மரியாதையோடு மறுக்கிறேன். கழற்றிய கப்ளரில் மின்னோட்டமே இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் 300 ஓம் இருந்தாலும் 3,000 ஓம் இருந்தாலும் வோல்ட்டேஜ் இழப்பு பூஜ்யம்தான். மல்டிமீட்டர் 5 வோல்ட்டை அட்டகாசமாகக் காட்டும். சென்சாரின் கால்களில் மீட்டரை வைக்கும்போது கப்ளரின் பெண் முனை அளவுக்குள் வரவே இல்லை. குற்றவாளி நிற்பது இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவில், கால் முனைக்குள் நுழையும் இடத்தில்.

ஆகவே கப்ளரை மாட்டியபடியே அளக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கட்டும், சாவி ஆன். கப்ளரின் பின்புறம் வயர் நுழையும் ரப்பர் வழியாக, வயரின் ஓரமாகவே, மெல்லிய குண்டூசியை உலோகத்தில் படும்வரை செருகுங்கள். வயரின் தோலைக் குத்திக் கிழிக்க வேண்டாம், அந்த ஓட்டைதான் அடுத்த மழைக்காலத்தில் களிம்புக்கு வாசல். முதலில் எர்த் பக்க ஊசிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. பிறகு கப்ளரின் ஒவ்வொரு வயருக்கும் அதற்கு நேரான சென்சார் காலுக்கும் இடையே அளக்க வேண்டும். காலைத் தொட இடமில்லாவிட்டால் இரண்டு வயர்களுக்கும் இடையிலான வோல்ட்டேஜைக் குறித்துக்கொண்டு, களிம்பைத் துடைத்தபின் அதே வெப்பத்தில் மறுபடி அளந்து ஒப்பிடலாம். இந்தச் சுற்றில் ஓடுவது ஓரிரு மில்லி ஆம்பியர். 300 ஓம் இருந்தால் அரை வோல்ட்டை நெருங்கிய இழப்பு தெரியும், சாதாரண மீட்டரே போதும்.

12 வோல்ட் பல்பு டெஸ்டரை இந்த வயர்களில் வைக்கவே கூடாது. சாவி ஆன் நிலையில் ஓம் அளக்கவும் கூடாது.

கருவி. 5 மே 2024, காலை 8.00

கத்திரி தொடங்கிவிட்டது, அதனால்தானோ என்னவோ, "என் வண்டியில் இன்டேக் வெப்பம் 65 காட்டுகிறது, சென்சார் போய்விட்டதா" என்று மூன்று பேர் ஒரே நாளில் கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை. சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் பானெட்டுக்குள் அடைபட்ட சூடு முழுக்கக் காற்றுக் குழாயில் ஏறியிருக்கும். சென்சார் மேனிஃபோல்டில் இருந்தால் இன்னும் அதிகம். வண்டி நகர்ந்து வெளிக்காற்று புகுந்ததும் எண் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்கினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது வெளி வெப்பத்தைவிட ஓரளவு மேலே நிலைகொண்டால் போதும். அந்த இடைவெளி சென்சாரின் இடத்தைப் பொறுத்தது, ஆகவே பக்கத்து வீட்டு வண்டியோடு ஒப்பிடுவதில் பயனில்லை, உங்கள் வண்டியின் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஒருவர் 20 டிகிரியிலேயே நிற்கிறது, அசையவே இல்லை என்கிறார். அது சென்சாரின் எண்ணாக இருக்காது. சுற்று செத்துவிட்டது என்று தெரிந்ததும் இசியு தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஓட்டும். டொயோட்டா வண்டிகளின் பணிமனைக் குறிப்புகளில் அந்த மாற்று எண் 20 டிகிரி என்றே இருக்கிறது. சில ஸ்கேனர்கள் அளந்த எண்ணைக் காட்டும், சில மாற்று எண்ணைக் காட்டும். மலைப்பிரதேசத்தில் 20 பொருத்தமாகக்கூட இருக்கலாம். 60 டிகிரிக் காற்றை 20 என்று வைத்தால் காற்றின் எடை ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதலாகத் தெரியும். வண்டி ஓடும், நிற்காது. பெட்ரோல் வாசனைதான் அடிக்கும்.

மாஃப் உள்ள வண்டிக்காரர்களுக்கு இவ்வளவு பதற்றம் தேவையில்லை. சூடேற்றிய படலத்தால் அளக்கும் மாஃப் காற்றின் எடையை நேராகச் சொல்லிவிடுவதால், வெப்ப சென்சார் பொய் சொன்னாலும் பெட்ரோல் அளவு பெரிதாகக் கெடாது. ஸ்பார்க் நேரம் கெடும்.

மலைப்பாதை. 9 மே 2024, இரவு 7.30

கப்ளரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன் ஐயா. இரண்டு முனைகளில் ஒன்று பித்தளை நிறம், மற்றொன்று பச்சை. பல்குத்தும் குச்சியால் சுரண்டியபோது பச்சைத் தூள் உதிர்ந்தது. ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. சென்ற ஆண்டு சர்வீஸில் பானெட்டைத் திறந்துவிட்டு இன்ஜினை அழுத்தத் தண்ணீரால் கழுவினார்கள். நான் பக்கத்தில் நின்று ரசித்தேன். பட்டறைக்காரர் இப்போதும் சென்சாரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றே சொல்கிறார், மாற்றியவர்கள் எல்லாருக்கும் சரியானதாம்.

கருவி. 9 மே 2024, இரவு 9.10

பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. புதுச் சென்சார் மாட்டினால் சரியாகத்தான் ஆகும், சில காலம். கப்ளரைப் பிடுங்கிப் புதுக் கால்களின் மேல் அழுத்திச் செருகும்போது களிம்பு வழிக்கப்பட்டு உலோகம் உலோகத்தைத் தொடும். பழைய சென்சாரையே பிடுங்கிச் செருகியிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும். புதுச் சென்சாருக்குக் கிடைத்த பெயரில் பாதி இப்படிச் செருகியதால் வந்த பெயர்தான். சென்சாரை மாற்றி, இரண்டு மாதம் கழித்துப் பழுது திரும்பி, "டூப்ளிகேட் சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சுரண்டியதோடு விடாதீர்கள். முலாம் போன முனை மறுபடி பச்சையாகும். அந்த முனையையே மாற்றுங்கள். வயர் வாலோடு கூடிய கப்ளர் தனியாகக் கிடைக்கிறது. வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இந்தச் சுற்றுக்கு ஆகாது, கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் நசுக்கி இறுக்கி) சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். மாற்றாத முனையின் பிடியையும் சோதியுங்கள்: அதே தடிமனுள்ள ஒற்றைக் கால் ஒன்றைச் செருகி இழுத்தால் விரலுக்கு ஒரு சிறு பிடிப்பு தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் முனை வாய் பிளந்துவிட்டது. மடிந்த ரப்பர் வளையத்தை மறக்க வேண்டாம், நோய்க்கு மூலம் அது.

மலைப்பாதை. 14 மே 2024, மாலை 6.20

முனை, வளையம் இரண்டும் மாற்றியாயிற்று. மதியம் தெர்மோகப்பிள் 60, ஸ்கேனர் 59. ஃப்யூயல் டிரிம் முன்பு மைனஸ் 5, இப்போது மைனஸ் 1. ஏற்காட்டில் தட்டல் பெருமளவு போய்விட்டது. மூன்றாம் கியரில் பிடிவாதமாக ஏறினால் மட்டும் லேசாகக் கேட்கிறது.

கருவி. 14 மே 2024, இரவு 9.00

அந்த லேசான மிச்சத்துக்கு மருந்து முதல் நாளே எழுதினேன், கியர் கம்பியில் இரண்டு என்று போட்டிருக்கும்.

கருவி. 23 மே 2024, இரவு 10.05

கொதிக்கும் தண்ணீரில் சென்சாரை முக்கிப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு: முக்கலாம், ஆனால் கப்ளர்ப் பக்கம் நனையக் கூடாது, மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் மூக்கை விட்டு முக்குவது நல்லது. ஐஸ் தண்ணீர், அறை, வெந்நீர் என்று மூன்று இடங்களில் அளந்தால் வளைவு முழுவதும் தெரிந்துவிடும். ஆனால் இந்த இழையில் நான் தந்த ஓம் எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் சென்சாருக்குப் பொருத்தாதீர்கள். 20 டிகிரியில் பாஷ் வகை 2.5 கிலோ ஓம், பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வகை ஏறத்தாழ 3.5 கிலோ ஓம், ஃபோர்டு பயன்படுத்திய வகையோ 37 கிலோ ஓம். கப்ளர் பொருந்துகிறதே என்று ஃபோர்டு வகையைப் பாஷ் வகை வண்டியில் மாட்டினால், 20 டிகிரிக் காற்றை இசியு மைனஸ் 36 என்று படிக்கும். கடையில் புதுச் சென்சார் வாங்கும்போது பழையதையும் கொண்டுபோய், இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து, மீட்டரால் ஒப்பிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கருவி. 2 ஜூன் 2024, காலை 7.45

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் "பவர் சிப்" பற்றிச் சுட்டி அனுப்பிக் கேட்டவருக்கு. படத்தில் தெரிவது சென்சார் வயரில் செருகும் ஒரு மின்தடை. பெட்டிக்குள் வேறெதுவும் இல்லை. மலைப்பாதையின் கப்ளரில் களிம்பு இலவசமாகச் செய்த வேலையை இது காசு வாங்கிக்கொண்டு செய்கிறது: சூடான காற்றைக் குளிர்ந்தது என்று இசியுவை நம்ப வைப்பது. கூடுதலாகப் போகும் பெட்ரோலை ஆக்ஸிஜன் சென்சார் சில நிமிடங்களில் திருத்திவிடும், திருத்த முடியாத இடத்தில் இன்ஜின் தட்டும். ஓட்டிய முதல் நாள் பிக்கப் கூடியது போலத் தோன்றும். காசு கொடுத்தவருக்குத் தோன்றாமல் இருக்குமா? பழைய வண்டி வாங்குபவர்கள் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வயரில் தடித்த டேப் சுற்று ஏதாவது தென்பட்டால் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

கருவி. 19 அக்டோபர் 2024, இரவு 8.50

இழை உறங்கிவிட்டது என்று நினைத்தேன். மழை வந்து எழுப்பியிருக்கிறது. சென்னை வாசகர் ஒருவரின் வண்டி தண்ணீர் தேங்கிய தெருவில் இரவு முழுக்க நின்றது. காலையில் கூலன்ட் 26, இன்டேக் காற்று 33. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு இரண்டும் நியாயமாக இருக்கின்றன. மே மாதக் கணக்கை அப்படியே புரட்டிப் போட்டால் இதற்கு விடை கிடைக்கும். கப்ளருக்குள் ஈரம் புகுந்தால் அது சென்சாருக்கு இணையாக ஒரு கசிவுப் பாதை. 20 டிகிரியில் 2.5 கிலோ ஓம் உள்ள சென்சாருக்கு இணையாக 10 கிலோ ஓம் கசிவு இருந்தால் மொத்தம் 2 கிலோ ஓம், இசியு படிப்பது 26 டிகிரி. 60 டிகிரியில் அதே கசிவு 2 டிகிரியைத்தான் கெடுக்கும். ஆக, களிம்பு சூட்டில் குறைத்துக் காட்டும், ஈரம் குளிரில் கூட்டிக் காட்டும். கப்ளரைக் கழற்றி, உலர்ந்த காற்றடித்து, எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் தெளித்து ஆறவிடுங்கள். இந்த ஈரத்தைச் சும்மா விட்டால் அடுத்த கோடைக்குள் பச்சையாகிவிடும்.

கருவி. 20 அக்டோபர் 2024, காலை 6.15

கசிவு என்று சொன்னதில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் காலை ஒன்பது மணிக்கு அளந்தால் பானெட்டுக்குள் காற்று கூலன்ட்டை முந்திச் சூடாகியிருக்கும். அந்த ஏழு டிகிரிக்குச் சூரியன்தான் பொறுப்பு. விடியுமுன் அளந்த எண்ணை மட்டுமே நம்புங்கள். சென்னை நண்பர் அளந்தது ஐந்து மணிக்கு என்பதால் அவருக்குக் கசிவுதான்.

டி-மேப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அது மேனிஃபோல்டிலேயே இருப்பதால் இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸ் காற்றோடு வரும் எண்ணெய்ப் புகை அதன் மூக்கில் பிசினாகப் படியும். அப்போது எண் தவறாகாது, தாமதமாகும்: வண்டி கிளம்பிய பிறகும் சூட்டு எண் வெகுநேரம் இறங்காமல் இருக்கும். கழற்றி மாஃப் கிளீனரை மட்டும் தெளித்துத் தானாக உலர விடுங்கள். கார்புரேட்டர் கிளீனர் பிளாஸ்டிக்கைத் தின்னும், குச்சியும் பிரஷும் வேண்டாம். திரும்ப மாட்டும்போது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் பாருங்கள்; அது வெடித்திருந்தால் மேனிஃபோல்டு காற்றை உறிஞ்சி ஐடிலிங் ஏறும், நீங்கள் மறுபடி சென்சாரைச் சந்தேகித்து இங்கே வருவீர்கள்.